தரையோடு 'டூ' விடாதீங்க!

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும். ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்க, எழுந்து வந்து ஹாலில் லைட்டைப் போட்டேன். சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கால் இரண்டையும் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

"என்னம்மா, இங்க என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லடி. தண்ணி எடுக்க வந்தேன். கால் மடங்கிடுச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே அப்படியே உட்கார்ந்துட்டேன். எழுந்துக்கத்தான் முடியல."

"எவ்வளவு நேரமா?"

"மணி ஒண்ணு இருக்கும், வந்தப்போ."

ஒன்றரை மணி நேரம்! நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. "ஒரு குரல் கொடுத்திருக்கலாமே" என்றால், "குழந்தை இப்பத்தான் தூங்கினான். முழிச்சுக்குவானேன்னு பார்த்தேன்" என்கிறாள். அம்மாவுக்கு 76 வயது. ஒன்பது மாதக் கொள்ளுப்பேரனின் தூக்கம் கெடக்கூடாதாம். நானும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தோம். அப்படித் தூக்கியதே தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது கடைசியில்.

மறுநாள் காலை, அதே ஹால். பேரன் சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கிறான். கையை விடுகிறான். பொத்தென்று உட்காருகிறான். மறுபடி குப்புறத் திரும்பி, தவழ்ந்து வந்து, பிடித்து எழுகிறான். காபி ஆறுவதற்குள் பதினோரு தடவை எண்ணிவிட்டேன்.

நாற்காலியில் இருந்து அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவனுக்கு வருது. எனக்குப் போயிடுச்சு, பார்" என்றாள் சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.

அந்தப் பதிலைத் தேடிக் கொஞ்சம் படித்தேன், டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், வயதானவர் இருக்கும் வீட்டுக்கும், நடுவில் இருக்கும் நமக்கும் இது ஒரே கதைதான்.

தலையில் தொடங்கி காலில் முடியும் பாடம்

பிறக்கும்போது சுமார் 3 கிலோ இருக்கும் குழந்தை, ஐந்து மாத வாக்கில் இரண்டு மடங்காகிறது. ஒரு வயதில் மூன்று மடங்கு. 50 சென்டிமீட்டர் நீளம் 75 ஆகிறது. இரண்டு வயதில், பெரியவனானபின் இருக்கப்போகும் உயரத்தில் ஏறக்குறைய பாதியை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வாழ்நாளில் எப்போதும் இந்த வேகம் வருவதில்லை.

வளர்ச்சி ஒரு பக்கம். அந்த உடம்பை ஆளக் கற்றுக்கொள்வது இன்னொரு பக்கம். அது மேலிருந்து கீழாக வருகிறது. முதலில் கழுத்து நிற்கும். பிறகு முதுகு, இடுப்பு, கடைசியில் கால். நம் முன்னோர் இதை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் சாட்சி. அதில் செங்கீரைப் பருவம் என்பது ஐந்தாம் மாதம். குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடும் வயது. கை கொட்டி ஆடும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதம். 'வா, வா' என்று அழைத்தால் தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம் ஒரு வயது வாக்கில். சாமியையே குழந்தையாக்கிப் பாடினாலும், வளர்ச்சியின் வரிசையைப் புலவர்கள் மாற்றவில்லை.

ஆனால் புலவர் சொன்ன மாதத்தில் நம் குழந்தை செய்யாவிட்டால் என்ன? இங்கேதான் பல வீடுகளில் ரகளை. "எதிர் வீட்டுப் பையன் பத்து மாசத்துல நடந்துட்டான், இவ இன்னும் நிக்கவே இல்லையே?"

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளை மாதாமாதம் கவனித்து, 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு வளரும் குழந்தைகளிலேயே, பிடிமானம் இல்லாமல் உட்காருவது 4-வது மாதத்திலும் நடக்கலாம், 9-வது மாதம் தாண்டியும் நடக்கலாம். தனியாக நடப்பது 8 மாதத்தில் இருந்து 17 மாதம் தாண்டும்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். நூற்றில் நாலைந்து குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்தோ, வேறு வழியிலோ நடைக்குப் போய்விட்டன. ஆக, எதிர் வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள்.

அதற்காக, "எல்லாம் தானா வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டும் இருக்க வேண்டாம். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்குகிறது, செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டது... இவற்றில் எது இருந்தாலும் உடனே குழந்தைகள் நல டாக்டரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடியில் கேட்டாலும் வழி சொல்வார்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

ஒரு மணி நேரத்தில் 17 முறை

பிறந்த குழந்தையை அக்குளில் பிடித்துப் பாதம் தரையில் படும்படி நிறுத்தினால், நடப்பதுபோலக் காலை மாற்றி மாற்றி வைக்கும். இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும். மூளை வளர வளர இந்தப் பழக்கம் மறைந்துபோகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1980-களில் எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம். அந்த இரண்டு மாதத்தில் குழந்தையின் தொடையில் கொழுப்பு ஏறிவிடுகிறது, அதைத் தூக்கும் பலம் காலுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதானோ? குழந்தையின் கால்களைத் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடித்துப் பார்த்தார். எடை குறைந்ததும் கால் மறுபடி நடை போட்டது! திறமை எங்கேயும் போகவில்லை. பலம்தான் போதவில்லை. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், அம்மாவின் கதைக்கு இது வேண்டும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற பேராசிரியர், நடை பழகும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளைக் கவனித்தார். விளையாடும் ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தை சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறது, 17 முறை விழுகிறது. ஒவ்வொரு முறை விழும்போதும் எடை எந்தப் பக்கம் போனது, எங்கே கை ஊன்ற வேண்டும் என்று உடம்பு ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. நடை என்பது இந்தக் கணக்குகளின் கூட்டல்தான்.

இதைத்தான் நாம் பாசத்தில் கெடுக்கிறோம். "தரை ஜில்லுனு இருக்கு, கீழே விடாதே", "எறும்பு இருக்கும்", "அழுக்கு". நாளெல்லாம் இடுப்பு, இல்லாவிட்டால் தூளி, இல்லாவிட்டால் வாக்கர். என் மகள் ஆசையாக வாங்கிய வாக்கர் எங்கள் வீட்டிலும் இருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "அதை எப்போ வெளியே போடப்போறீங்க?" என்பதுதான்.

காரணம் எளிது. வாக்கரில் குழந்தை நடப்பதில்லை, தொங்குகிறது. எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது, குழந்தை கால்விரலால் உந்துகிறது. விழவே முடியாததால் விழாமல் இருக்கவும் கற்பதில்லை. இதனால் நடை சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும். போதாததற்கு, கண் இமைக்கும் நேரத்தில் படிக்கட்டுக்கோ சூடான குக்கருக்கோ போய்விடும். கனடாவில் 2004-ல் வாக்கர் விற்பனைக்கே தடை போட்டுவிட்டார்கள்.

செலவில்லாத மாற்று, ஒரு பாய். கைக்குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் நாம் இருக்க, ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் அல்ல. ஐந்தைந்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். தூங்கவைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். ஒரு வயதிலிருந்து நாலு வயதுவரை நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓட்டம், ஆட்டம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மொபைல் திரை அறவே வேண்டாம்.

கைக்கும் ஒரு காலம் உண்டு

கால் நடையில் மும்முரமாக இருக்க, கை தன் பாடத்தைத் தனியாகப் படிக்கிறது. முதலில் எதையும் முழு உள்ளங்கையால் வாரும். ஒன்பது, பத்து மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியைக் கவ்வி எடுக்கும். நேராக வாய்க்குத்தான் போகும், கவனம்! மூன்று வயதில் வட்டம் பார்த்து வரையவும், நாலில் கூட்டல் குறி போடவும், ஐந்தில் முக்கோணம் வரையவும் கை பழகுகிறது.

இரண்டரை வயதுப் பிள்ளையை நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். வருஷத்துக்கு ஒன்று, இரண்டு என மெல்ல மெல்ல எலும்பாகி, கடைசி எலும்பு உருவாகப் பத்து வயது நெருங்கிவிடும். பிஞ்சுக் கை என்று நாம் சொல்வது வெறும் கொஞ்சல் இல்லை. விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுதவைத்தார்களே, அது அந்த வயதுக் கைக்குப் பொருத்தமான வேலை. மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, பல்லாங்குழி ஆடுவது எல்லாமே எழுத்துக்கு முந்தின பாடங்கள்.

பல்லாங்குழி என்றதும் நொண்டி ஞாபகம் வருகிறது. தெருவில் கட்டம் போட்டு, ஓட்டாஞ்சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் தாவினோமே, அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பரீட்சை இருக்கிறது.

டம்ளரைத் தட்டிவிடும் வயசு

என் தம்பி மகனுக்கு 13 வயது. போன தீபாவளிக்கு வாங்கிய பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. நடந்தால் நாற்காலி இடிக்கும், கை நீட்டினால் டம்ளர் கவிழும். "இவ்வளவு வளர்ந்து என்னடா பிரயோஜனம், ஒரு டம்ளரை ஒழுங்காப் பிடிக்கத் தெரியுதா?" என்று தம்பி திட்டுவான்.

பாவம், பையன் மேல் தப்பில்லை. ஆண் பிள்ளைகள் 13, 14 வயது வாக்கில் ஒரே வருஷத்தில் 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாய்ச்சல் சுமார் இரண்டு வருஷம் முன்னதாகவே வந்துவிடும். அதிலும் முதலில் வளர்வது பாதமும் கையும். பிறகு காலும் தோள் பக்கமும். உடம்பின் நடுப்பகுதி கடைசியில்தான். தன் கை எவ்வளவு நீளம் என்று மூளை வைத்திருக்கும் கணக்கு போன மாசத்தது, கை மட்டும் இந்த மாசத்தது. அந்த இடைவெளியில்தான் டம்ளர் விழுகிறது. அது தானாகச் சரியாகிவிடும். கேலி செய்ததால் விளையாட்டையே விட்டுவிட்ட பிள்ளை திரும்பி வருவதுதான் கஷ்டம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. "பெரியவளாயிட்டே, இனிமே என்ன ஓட்டம்?" என்று சரியாக அந்த வயதில் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். வாழ்நாளுக்கான எலும்பு பலத்தில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஓடினால், குதித்தால்தான் எலும்புக்கு அந்தச் சேமிப்பு. 70 வயதில் இடுப்பெலும்பு தாங்குமா என்பதில், 12 வயதில் ஸ்கிப்பிங் ஆடவிட்டார்களா என்பதற்கும் பங்கு உண்டு. 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படியான ஆட்டம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டியூஷனுக்கு நடுவே அந்த ஒரு மணி நேரத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒதுக்கிக் கொடுங்கள்.

நாம் தரையை விட்ட கதை

அப்புறம் நம் வயது. 30-ஐத் தாண்டியபின் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது. 60-க்குப் பிறகு வேகம் கூடுகிறது. இது வலிக்காது, வெளியிலும் தெரியாது. எடை மெஷினில்கூடத் தெரியாது, ஏனென்றால் போன தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடும்.

முன்பு இதை ஈடுகட்ட வீட்டில் நமக்குத் தெரியாமலேயே வழி இருந்தது. சாப்பிடத் தரை, காய் நறுக்கத் தரை, கோலம் போடக் குனிய வேண்டும், படுக்கப் பாய். ஒரு நாளில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருப்போம்! அன்றைய வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. முட்டி தேய்ந்தவர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் பெரிய வரம். ஆனால் டைனிங் டேபிள், கட்டில், சோபா என்று வாங்கும்போது, கூடவே போன உடற்பயிற்சியை நாம் திருப்பி எடுத்துக்கொள்ளவே இல்லை.

இப்போது பரீட்சை. கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற பிரேசில் டாக்டரின் குழு 2012-ல் வெளியிட்ட சோதனை இது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ வேண்டும். மொத்தம் 10 மார்க். உட்காரும்போதோ எழும்போதோ கை ஊன்றினால் ஒரு மார்க் போச்சு. முட்டி ஊன்றினால் இன்னொன்று. தள்ளாடினால் அரை மார்க். 51 முதல் 80 வயதுவரை 2,002 பேரைச் சோதித்துச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்ததில், குறைந்த மார்க் வாங்கியவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. 2022-ல் அதே குழு, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கும் சோதனையை வெளியிட்டது. நம் நொண்டியேதான். 51 முதல் 75 வயதுவரை 1,702 பேரில் ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை. அவர்களிடையேயும் இறப்பு அதிகம்.

பயப்பட வேண்டாம். நிற்க முடியாததால் யாரும் சாவதில்லை. பலம், சமநிலை, மூட்டின் வளைவு, இதயம், நரம்பு எல்லாம் எப்படி இருக்கின்றன என்று மொத்தமாகக் காட்டும் ஒரு கண்ணாடி அது, அவ்வளவே. முட்டி, இடுப்பில் பிரச்னை உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்.

நான் செய்து பார்த்தேன். 54 வயது, 'தினமும் வாக்கிங் போறேனாக்கும்' என்ற நினைப்பு வேறு. கை ஊன்றி, முட்டி ஊன்றி, தள்ளாடித்தான் எழுந்தேன். ஐ.டி-யில் வேலை பார்க்கும் 28 வயது மகளும் சோபாவைப் பிடித்துத்தான் எழுந்தாள். பேரனைத் தவிர வீட்டில் யாரும் உருப்படியில்லை என்று புரிந்தது.

"நீ உட்காரும்மா, நாங்க பார்த்துக்கறோம்"

அம்மா ஆறு வருஷமாகத் தரையில் உட்காரவில்லை. முட்டி வலி என்றாள். நான்தான் டைனிங் டேபிள் வாங்கினேன். பூஜைக்கு நாற்காலி போட்டேன். கீரை ஆய உட்கார்ந்தால் பிடுங்கி வைத்தேன். மாடிக்குப் போகாதே, குனியாதே, தூக்காதே. பார்ப்பவர்கள், "அம்மாவை எப்படித் தாங்குறா பாருங்க" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாக்கரை வெளியே போட்ட வீட்டில், அம்மாவுக்கு நானே ஒரு வாக்கர் மாட்டிவிட்டிருக்கிறேன் என்பது அந்த ராத்திரிக்குப் பிறகுதான் உறைத்தது.

டாக்டர் முதலில் மற்ற காரணங்களைப் பார்த்தார். படுத்திருக்கும்போது ஒரு பி.பி., எழுந்து நின்றதும் ஒரு பி.பி., தூக்க மாத்திரை உண்டா, கண்ணாடி பவர் சரியா, எலும்பு எப்படி, வைட்டமின் குறைவா. விழுவதற்கு இத்தனை காரணங்கள் இருக்கலாம். ஆகவே இந்தப் பரிசோதனை இல்லாமல் நேராக உடற்பயிற்சிக்குப் போகக்கூடாது. எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரிய வியாதி ஒண்ணுமில்லை. தொடையில பலம் இல்லை. அதைத் திரும்பக் கொண்டு வரலாம்."

"இந்த வயசுலயா?" என்றேன்.

வரும். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் எட்டு வாரம் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். பயிற்சியை முடித்த ஒன்பது பேருக்கும் சேர்த்து, கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது, இருந்ததைப்போல இரண்டே முக்கால் மடங்கு! 90 வயதிலும், வேலை கொடுத்தால் தசை வளரும். நம் ஊர் உதாரணமும் உண்டு. கோவை யோகா பாட்டி நானம்மாளுக்கு 2018-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவர் 98 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அப்போதும் ஆசனம் செய்துகாட்டினார். அவர் சின்ன வயதில் தொடங்கி விடாமல் செய்தவர். பாஸ்டன்காரர்கள் 90-ல் தொடங்கியவர்கள். இரண்டுக்கும் பலன் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். முதல் வாரம் ஒரே பயிற்சிதான். உயரமான, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை முடிந்தவரை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்கார வேண்டும். ஐந்து தடவை, காலையும் மாலையும். பிறகு எட்டு, பத்து. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. மேடையைப் பிடித்தபடியே ஒற்றைக் காலில் சில விநாடி. இப்படிச் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது வேண்டுமாம். கூடவே, இரண்டு இட்லியோடு நிறுத்தாமல் பயறு, முட்டை, தயிர் என்று புரதமும்.

மூன்றாம் வாரம், "பாட்டி, இன்னைக்குத் தரையில் இருந்து எழுந்துக்கப் பழகலாமா?" என்றாள். மெத்தை விரித்து, பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

விழுந்த உடனே எழ முயலக்கூடாது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்து, எங்கேயாவது வலிக்கிறதா, கை கால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால், முதலில் ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். கையை ஊன்றிக் குப்புறத் திரும்பி, கையும் முட்டியுமாக நிற்க வேண்டும். அப்படியே தவழ்ந்து கனமான ஒரு நாற்காலிக்குப் போக வேண்டும். சீட்டில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்ற வேண்டும். உந்தி எழுந்து, திரும்பி, நாற்காலியில் உட்கார வேண்டும்.

அம்மா கவனமாகக் கேட்டாள். ஹாலின் அந்தப் பக்கம் பேரனைப் பார்த்தாள். "இது அவன் பண்றதுதானே!" என்றாள்.

ஆமாம். திரும்புவது, குப்புறக் கவிழ்வது, தவழ்வது, பிடித்து எழுவது. 76 வருஷத்துக்கு முன் அம்மா ஏதோ ஒரு மண்தரையில் கற்றுக்கொண்ட அதே வரிசை. தண்ணீரில் பிடித்ததும் நடை போட்ட அந்தக் குழந்தையின் கால்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அம்மாவிடமும் திறமை எங்கேயும் போய்விடவில்லை. பலம்தான் இல்லை.

விழுந்தவரை நாங்கள் செய்ததுபோல் அக்குளில் கைகொடுத்து இழுப்பது தப்பு என்பதையும் அவள்தான் சொன்னாள். தோள் பிசகலாம், தூக்குபவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளலாம். நாற்காலியை அருகில் கொண்டுவந்து, அவர்களே எழத் துணை நிற்பதுதான் சரி. இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகவோ திரும்பியோ இருப்பது, தலையில் அடி, மயக்கம் என்றால் தூக்கவே கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். வெகுநேரம் தரையிலேயே கிடப்பது, விழுந்ததைவிட ஆபத்தாகிவிடலாம். அதனால் இப்போது அம்மாவின் மொபைல் கழுத்தில் ஒரு சின்னப் பையில் தொங்குகிறது. பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி எரியும் ஒரு குட்டி பல்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: யார் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, குரல் கொடுக்க வேண்டும்.

இப்போது பேரனுக்கு ஒரு வயது. போன வாரம் சோபாவை விட்டுவிட்டு, நாலு அடி எடுத்துவைத்தான். அம்மா தினமும் சாயங்காலம் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பாயில் உட்காருகிறாள். எழும்போது நாற்காலி வேண்டும். சில நாள் முட்டி வலித்தால் உட்காருவதில்லை. ஆனால் நான் கை கொடுக்கப் போனால், "தள்ளிப் போ" என்கிறாள். நேற்று இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். கீரைக் கட்டையும் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

அதன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எழும்போது இப்போது முட்டி ஊன்றுவதில்லை, கை மட்டும்தான். சின்ன வயதில் சண்டை போட்டு 'டூ' விட்டால், சாயங்காலத்துக்குள் 'பழம்' விட்டுவிடுவோம் இல்லையா? எங்கள் வீட்டில் தரையோடு பழம் விட்டாச்சு. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டில் ஒரு பாயை விரித்துப் பாருங்களேன். யார் எப்படி எழுந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.